கடலடியில் ஒலிக்கும் மணி

இங்கிலாந்தின் கீழ்க் கடற்கரையில் ஸபோக் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. வயல்களும் சதுப்பு நிலங்களும் பழைய மாதா கோயில்களும் நிறைந்த நாட்டுப்புறம் அது. அங்கே டன்விச் என்னும் சிற்றூரில் விந்தையான ஒரு நம்பிக்கை வழங்கி வருகிறது. புயல் வரப் போகிறதென்றால், கடலுள் மூழ்கிய கோயில்களின் மணியோசை அலைகளுக்கு அடியிலிருந்து கேட்குமாம்!

கோயில்கள் மூழ்கியது கதையன்று; சரித்திரம். 1086-ஆம் வருஷத்து டூம்ஸ்டே கணக்கிலேயே இவ்வூருக்கு மூன்று கோயில்கள் கூறப்பட்டிருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் டன்விச் பெரியதொரு துறைமுகப் பட்டினம். ஆனால் அது நின்றது பாறையின்மேல் அன்று. மணலும் சரளையும் கலந்த மேட்டின்மேல். 1286-இலும் 1328-இலும் அடித்த பெரும் புயல்கள் வீடுகளை வாரிச் சென்றன, துறைமுகத்தையும் தூர்த்துவிட்டன. கப்பல்கள் வேறிடம் நாடின. செல்வமும் உடன் சென்றது. அதன் பிறகும் கடல் விடவில்லை. கோயில்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிற்று.

மணிகளின் கதி என்ன? 1702-இல் பரிசுத்த பேதுரு ஆலயத்தைக் கடல் நெருங்கியபோது, ஊரார் கூரையின் ஈயத் தகடுகளையும் மரங்களையும் மணிகளையும் கழற்றி அப்புறப்படுத்தி விட்டார்கள். கடலுக்குக் கிடைத்தவை வெறுஞ் சுவர்களே! கடைசியாக மிஞ்சியது சகல பரிசுத்தவான்கள் ஆலயம். வழிபாடு நின்று நெடுங்காலம் பாழாய்க் கிடந்த அதுவும் 1904-க்கும் 1919-க்கும் இடையில் சிறிது சிறிதாகச் சரிந்தது. அதன் கல்லறைத் தோட்டமும் சரிய, மேட்டின் ஓரத்தில் முன்னோரின் எலும்புகள் வெளியே தெரிந்தன.

நம் காலத்தில் ஸௌதாம்ப்டன் சர்வகலாசாலையார் நீருக்குள் ஒலியலைகளைச் செலுத்தி ஆராய்ந்து, அங்குள்ள இடிபாடுகளைப் படமாக வரைந்திருக்கிறார்கள். கலங்கிய நீரில் கண்ணுக்குப் புலப்படாத கற்கள் இவ்வாறு அகப்பட்டன.

அப்படியானால், கழற்றப்பட்ட மணிகள் கடலடியில் ஒலிப்பது எவ்வாறு? நமக்குத் தோன்றுவது இதுதான். பாட்டனார் ஞானஸ்நானம் பெற்ற இடமும், தாய் தந்தையர் மணம் புரிந்த இடமும் கண்ணெதிரே அழிவதைப் பார்த்து நின்ற மக்களுக்கு அந்த ஓசையை இழக்க மனம் வரவில்லை. நம்பிக்கையின் வேர் அங்கேதான் இருக்க வேண்டும்.

சகல பரிசுத்தவான்கள் ஆலயத்தின் முட்டுச் சுவர் ஒன்றை மட்டும் பெயர்த்தெடுத்து, ஊருக்குள் உள்ள பரிசுத்த யாக்கோபு ஆலயத்தின் முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பழைய டன்விச்சின் கோயில்களில் கடலுக்குக் கொடுக்க மறுத்த கல் அது.