சாவித்துளை அறுவைச் சிகிச்சை

வயிற்றை நீளமாகக் கீறாமல், சில சிறு துளைகளின் வழியே செய்யப்படும் சாவித்துளை அறுவைச் சிகிச்சையில், முதலில் செலுத்தப்படும் கரியமில வாயு வயிற்றுச் சுவரை உள்ளுறுப்புகளிலிருந்து விலக்கி உயர்த்துவதால், லேப்ராஸ்கோப் எனப்படும், ஒளியும் கேமராவும் பொருந்திய மெல்லிய குழாய் உள்ளே நுழைந்து திரையில் காட்சி காட்டவும், நீண்ட கருவிகள் இயங்கவும் இடம் உண்டாகிறது. இரத்தக் கசிவை நிறுத்தும் மின்சூட்டுக் கருவிகளுக்கு அருகிலும் தீப்பற்றாதது, இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சுடன் வெளியேறிவிடுவது ஆகிய பண்புகளுக்காகவே இவ்வாயு தேர்ந்தெடுக்கப்படுகிறது. எனினும் நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசையாகிய உதரவிதானத்தை அது உறுத்துவதால், சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் தோள்பட்டையில் வலி தோன்றுவதுண்டு. வயிற்றில் கீறல் இருக்கத் தோளில் வலிப்பதேன் என்று நோயாளர் திகைக்காதிருக்க, இதனை முன்கூட்டியே விளக்குவது மிகவும் அவசியம். உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று கடுமையாக ஒட்டியிருந்தாலோ, கசிவு அடங்காவிட்டாலோ, மருத்துவர் பாதுகாப்புக் கருதி வயிற்றைத் திறக்கும் பழைய முறைக்கு மாறுவர்.

1985ஆம் ஆண்டு ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹே என்னும் அறுவை மருத்துவர் சாவித்துளை முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியபோது, அந்நாட்டு மருத்துவர்களே அதனை ஏற்க மறுத்தது வருந்தத்தக்கது. 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே அதே சிகிச்சையைச் செய்த பின்னர், சில ஆண்டுகளிலேயே அது உலகெங்கும் பரவியது.