உறையாத குளிரும் கன்றைக் கொல்லும்

பெல்மதுளையின் தவறணையில் வளரும் இறப்பர்க் கன்று குளிரை அறியாது. இங்கே இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குதல் அரிது. அக்கன்றையே 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நட்டால் என்னவாகும்?

நீர் உறைந்தாலன்றிச் செடி சாகாது என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வெப்பநிலத்துக் கன்றுக்கு 10 பாகைக் குளிரே பெருந்துன்பமாகும். காரணத்தை நமது அடுக்களையிலேயே காணலாம். பெல்மதுளையில் தெளிவாக ஓடும் தேங்காயெண்ணெய், நுவரெலியாவில் போத்தலுக்குள் வெண்மையாய் இறுகிவிடுகின்றதன்றோ? ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியிருக்கும் மென்சவ்விலும் கொழுப்பு உண்டு. குளிரில் அது நெகிழ்ச்சி குன்றவே, உள்ளிருக்கும் உப்புக்கள் கசிகின்றன. வேரும் நீரை உறிஞ்ச மாட்டாது தளர்கின்றது. ஆதலால் ஈரமண்ணில் நின்றுகொண்டே கன்று வாடுகின்றது! அதனைத் தாகமென்று கருதி மேலும் நீர் ஊற்றுவோர் உளர். அது வேரை அழுகச் செய்யும் உபகாரமேயாம்.

விடிந்தபின் வரும் வெயில் ஆறுதல் தருமென்று நினைப்போம். அதுவும் பகையாவதே விந்தை. இலை ஒளியை வாங்கிக்கொண்டேயிருக்கும். குளிரால் மந்தமடைந்த உணவாக்கும் தொழிலோ அதனைச் செலவிடாது. மிஞ்சிய ஆற்றல் இலையையே தாக்கி வெளிறச் செய்கின்றது. முதிர்ந்த மரம் சேமிப்பைக் கொண்டு மீண்டும் தளிர்க்கும். கன்றுக்குச் சேமிப்பேது?

உறைபனியின் கொடுமை வேறு. தை, மாசி மாதங்களில், மேகமும் காற்றுமற்ற இரவுகளில், குளிர்காற்று நீரைப்போல் பள்ளங்களுக்கு வடிந்து தேங்கும். அங்குள்ள தேயிலைக் கொழுந்து, உறைபனி படிந்து கருகிவிடும். ஆயினும் அவ்வூரிலேயே கோவாவும் கரட்டும் செழிக்கின்றன. அவற்றின் சவ்வுக் கொழுப்புக் குளிரிலும் இளகி நிற்கும் வகையினது.

1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குச் சென்ற சுமார் 70,000 இறப்பர் விதைகளில் முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அவற்றுள் சுமார் 1,900 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. அவற்றைக் குளிர்ந்த மலையுச்சிக்குக் கொண்டுசெல்லாது, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடை என்னும் வெப்பமான தாழ்நிலத்தில் நட்டார்கள். பிற்காலத்தில் இறப்பர்த் தோட்டங்களுக்கு விதை வழங்கியவை அம்மரங்களே.

மாணவர் இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். பாசிப்பயறையும் கடுகையும் ஒரே சிரட்டை மண்ணில் முளைக்கவிட்டு, சில இரவுகள் குளிர்சாதனப் பெட்டியிலும் பகலில் வெயிலிலும் வையுங்கள். எது முதலில் தலை சாய்கின்றதென்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.