சிவப்புப் புள்ளிகளாய் ஒரு கூட்டம்: விரால் பார்ப்பு

மழைக்காலத்தில் குளத்தோரம் கோரைப் புல்லுக்கிடையே செம்மஞ்சளாய் ஏதோ கொதிப்பது போலத் தெரிகிறதா? அரை நிமிடம் நில்லுங்கள். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் அவை. இந்தக் குஞ்சுக் கூட்டம்தான் பார்ப்பு. காரைக்காலில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. அரசலாறும் நாட்டாறும் கடலைத் தொடுமிடத்தில் தண்ணீர் உப்புக் கரிக்கும். விராலுக்கு ஏற்றவை, கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் வாய்க்காலும் வயலும் தாமரைக் குளமும்.

பெற்றோர் செடிகளை விலக்கி வட்டமாய் இடம் பண்ணும். முட்டை அங்கேயே மிதந்து, ஓரிரு நாளில் பொரியும். பிறகு காவல். கூட்டத்துக்கு அடியில் ஒரு கரிய நிழல் நகர்கிறது பாருங்கள், அது ஆண் விராலாக இருக்கலாம். தவளையோ பாம்போ நெருங்கினால் பாயும். தூண்டில்காரர்களுக்கு இந்தக் கோபம் நன்றாகத் தெரியும். பார்ப்புக்கு நடுவே தூண்டிலைப் போட்டு, பாய்ந்து வரும் காவல் மீனைப் பிடிப்பார்கள். காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரைதான்.

குஞ்சுகள் முதலில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு நீருயிர்களைத் தின்னும். சில வாரங்களில் தலையிலுள்ள காற்றறை வளர, மேலே வந்து காற்றைக் குடிக்கத் தொடங்கும். சிவப்பு மங்கி உடல் கருக்கும், கூட்டம் கலையும். அதற்குப் பின் பெரியது சின்னதை விழுங்கும். உடன்பிறப்பு என்ற தயவெல்லாம் கிடையாது.

கோடையில் குளம் வற்றும்போது வளர்ந்த விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். கரையைச் சிமெண்டால் பூசிய குளத்தின் ஓரத்தில் கோரையும் இல்லை, சேறும் இல்லை; அங்கே விரால் முட்டையிடவும் புதையவும் இடமில்லை.