உங்களுக்குத் தெரியுமா? வேட்டுப் போடாத ஊர்கள்

நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு சிவகாசி வட்டாரத்தில் தயாராவது ஊரறிந்த சங்கதி. அங்கிருந்து மதுரையைத் தாண்டினால், சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தீபாவளிக்கு ஒரு சரம்கூட வெடிக்காது. ஊர்க் கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாதாம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாக 1977-ல் அறிவிக்கப்பட்ட கண்மாய்களில் அதுவும் ஒன்று. சட்டம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. வெடிப்பதில்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்போடு வந்து ஊர்க்காரர்களைப் பாராட்டுவதும் உண்டு.

ஐப்பசியில் ஏன் இவ்வளவு கவனம்? வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் அரிவாள் மூக்கனும் அங்கே வந்து இறங்குகின்றன. வெடிச்சத்தத்துக்குத் தாய்ப்பறவை எழும்பிப் போனால், முட்டையையும் குஞ்சையும் காகம் கொத்திவிடும். சிவகாசியின் கதை வேறு. அங்கே பட்டாசுத் தொழில் வேர்விட, மழை குறைந்த வறண்ட வானிலையும் ஒரு காரணம். வானம் மூடினால் அங்கே மருந்து காயாது. ஆக, சிவகாசிக்காரர் கலைந்துபோகச் சொல்லும் மேகத்தை, கொள்ளுகுடிப்பட்டிக்காரர் வாவென்று கூப்பிடுகிறார்.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் வேட்டுச் சத்தம் கிடையாது. குளத்தோடு நில்லாமல் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டும். எச்சமும் வாடையும் தெருவெங்கும் உண்டு, யாரும் விரட்டுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. 1994-ல் சரணாலயமானது.

பறவைக்காக அரசாங்கத்திடம் போய் நிற்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து முறையிட்ட ஊர்க்காரர்கள், 1798-ல் செங்கல்பட்டு கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள்.

2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஊரே தெருவிளக்கைப் போடவில்லை. ஒரு பெட்டிக்காக ஊர் இருட்டில் நடந்தது என்றால், கூட்டம் போட்டுப் பேசாமலா நடந்திருக்கும்? அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு ஆசை.

சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கே திரும்பி வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளைப் பார்க்கவும் பால்கோவா வாங்கவும் போகிறவர்களில், நரை அணிலைத் தேடிப் போகிறவர் எத்தனை பேர்? நம் வீட்டு அணிலைப் போலப் பல மடங்கு பெரியது. ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. அதற்காகவே 1988-ல் இங்கே சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமானது. இந்த அணில் தரையில் இறங்குவது அபூர்வம், கிளைவிட்டுக் கிளை தாவியே போகும். கூட்டையும் பக்கத்து மரங்களோடு கிளை கோத்து நிற்கும் மரத்தில்தான் கட்டும். ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் தப்பலாம் அல்லவா! அதனால் நடுவில் ஒரு மரத்தை வெட்டினாலும் அதன் பாதை அறுந்துவிடும். செண்பகத்தோப்புப் பக்கத்து மாந்தோப்புகளும் புளியமரங்களும் தனியார் பட்டாவாக இருந்தாலும் அணிலுக்கு அவையும் காடுதான். மாங்காயைக் கடித்துப் போட்டாலும் மரத்தை விட்டுவைக்கும் தோப்புக்காரர்தான், எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத தன்னார்வலர்.

கண்மாய் சுத்தம் செய்யக் கிளம்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சீமைக்கருவேலத்தை அகற்றப் போய், ஜேசிபியை விட்டு நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். நீருக்குள் நிற்கும் அந்த மரத்தில்தான் நாரையும் கொக்கும் கூடு கட்டும். அடையாளம் எளிது: மஞ்சள் உருண்டைப் பூவும் மணி கோத்தாற்போல் இடையிடையே ஒடுங்கிய நெற்றும் இருந்தால் நாட்டுக்கருவேலம். விரல் நீளக் கதிர்ப் பூவும் ஒடுங்காத மஞ்சள் நெற்றும் இருந்தால் சீமைக்கருவேலம். பார்த்து அடையாளக் கயிறு கட்டிவிட்டு, பிறகு வண்டியைக் கூப்பிடுங்கள்.