வீட்டில் பயிலும் பிள்ளைக்கு ஊரே பள்ளி

சென்ற ஆண்டின் இறுதியில், ஒரு புதன்கிழமை முற்பகல், நம் சங்க நூலகத்தில் ஏடுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவ்வேளையில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியாருடன் வந்து நின்றாள். பள்ளி நாளாயிற்றே என்னும் எண்ணத்தில், “இன்று விடுமுறையோ அம்மா?” என்று வினவினோம். சிறுமி விடையளிக்கவில்லை. பாட்டியார்தாம் சற்றுத் தயங்கி, “இவள் பள்ளிக்குப் போவதில்லை ஐயா, வீட்டிலேயே படிக்கிறாள்” என்றார். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல் அவர் குரல் தாழ்ந்தது.

அக்குடும்பத்தின் வரலாறு நம் நேயர்கள் பலருக்குப் புதியதன்று. தந்தையார்க்கு ஊர் மாற்றும் உத்தியோகம். புவனேசுவரம், நாகபுரி, பின்னர் மும்பை என மூன்று நகரங்களில் நான்கு பள்ளிகளை அப்பெண் கண்டுவிட்டாள். ஒரூரில் ஒடியா, மற்றோரூரில் இந்தி, இங்கே மராத்தி. ஒரு மொழி நாவில் படியுமுன் அடுத்த மொழி வந்து நின்றது. நான்காம் பள்ளியில் அவள் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். பெற்றோர் அஞ்சினர், பலவாறு எண்ணிப் பார்த்தனர், இரண்டாண்டுகளுக்கு முன் அவளை வீட்டில் அமர்த்திக் கற்பிக்கத் தொடங்கினர்.

பாட்டியார் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: “நாளைக்கு இவளுக்கென்று ஒரு சான்றிதழ் கிடைக்குமா ஐயா?” சற்று நேரங்கழித்துப் பேத்தியும் ஒன்று கேட்டாள்: “பாடமெல்லாம் பதினொரு மணிக்குள் முடிந்துவிடுகிறது மாமா. அப்புறம் யாரோடு பேசுவது?”

இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை. முதற் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதுதான் நம்மை உறங்கவிடாமற் செய்தது.

பள்ளிக்கட்டடத்திற்கு வெளியே கல்வி கற்பது நம்மவர்க்குப் புதுமையன்று. திண்ணைப் பள்ளியும் ஆசிரியரைத் தேடிச் சென்று கற்கும் முறையும் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவியவை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடுத்திருந்து தமிழ் கற்றவர். அக்கல்வியைக் கொண்டே 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். வங்கத்தில் இரவீந்திரநாத தாகூர் பள்ளியின் நான்கு சுவர்களுக்குள் மனம் ஒன்றாது பெரும்பாலும் வீட்டிலேயே கற்றவர். பின்னர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் தம் பள்ளியைத் தொடங்கினார். எனினும் ஒன்றை மறக்கலாகாது. சாமிநாதையர்க்கு உடன் பயின்ற மாணாக்கர் இருந்தனர். தாகூரின் வீடோ உறவினரும் கலைஞரும் நிறைந்த பெருவீடு. இன்று மும்பையில் இரண்டறைக் குடியிருப்பில் தனித்துப் படிக்கும் குழந்தைக்கு அத்தகைய சுற்றம் யாண்டுள்ளது?

இனிப் பாட்டியாரின் கேள்விக்கு வருவோம். குழந்தைகளுக்கான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளைப் பள்ளியிற் சேர்ப்பது பெற்றோரின் கடமை என அதன் 10-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் அவ்வாறு சேர்க்காத பெற்றோர்க்குத் தண்டனை விதிக்கும் பிரிவு எதுவும் அச்சட்டத்தில் இல்லை. ஆதலால் வீட்டுக் கல்வியை மேற்கொள்வோர் அச்சங்கொள்ள வேண்டுவதில்லை. கடமை நம்முடையதே என்பதை மறக்கவும் கூடாது.

சான்றிதழுக்கு வழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்பது நடுவணரசின் அமைப்பு. 1989-இல் தேசியத் திறந்த பள்ளி என்ற பெயரில் நிறுவப்பெற்று, 2002-இல் இன்றைய பெயரைப் பெற்றது. 14 வயது நிறைந்த எவரும் அதன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஐந்து பாடங்களில் தேறினாற் போதும். அவற்றை ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. 5 ஆண்டுக் காலத்திற்குள் 9 வாய்ப்புகள் தரப்படுகின்றன. ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நிகழ்கிறது. தமிழையும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது வெளிமாநிலத்தில் வாழும் நமக்குப் பெரிதும் உவப்பளிப்பது. இதனைக் கேட்டதும் பாட்டியாரின் முகம் தெளிந்தது. “அப்படியானால் தமிழிலும் இவளுக்கு மதிப்பெண் உண்டா?” என்று மறுமுறையும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

நிற்க. பேத்தியின் கேள்விக்கு எந்த நிறுவனமும் அஞ்சலில் விடை அனுப்பாது. அதற்கு ஊர்தான் விடை தரவேண்டும்.

நம் உறுப்பினர்களிடையே விசாரித்ததில், மேலும் மூன்று குடும்பங்கள் வீட்டுக் கல்வியை மேற்கொண்டிருப்பது தெரியவந்தது. ஒருவரையொருவர் அறியாமலே நால்வரும் ஒரே நகரில் வாழ்ந்துவந்தனர்! அவர்களை ஒன்றுகூட்டி, சென்ற சனவரியில் ஒருநாள் கான்ஹேரிக் குகைகளுக்கு அழைத்துச் சென்றோம். போரிவிலி நிலையத்தில் இறங்கி, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவினுள் சென்றால் அக்குன்றை அடையலாம். கருங்கற் பாறையைக் குடைந்து புத்தத் துறவிகளுக்கென அமைத்த நூற்றுக்கு மேற்பட்ட குகைகள் அங்கே உள்ளன; அவற்றுள் தொன்மையானவை ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடையவை. குகைகளின் அருகே மழைநீரைத் தேக்கும் தொட்டிகளும், அந்நீரைக் கொண்டுசேர்க்கும் கால்வாய்களும் பாறையிலேயே வெட்டப்பட்டுள்ளன. கோடையில் குடிநீருக்குத் தவிக்கும் நகரவாசிகளாகிய நமக்கு அது ஒரு முழுநாட் பாடம்.

அங்கே நிகழ்ந்ததைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. குகைச் சுவரில் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நாம் முன்னர்க் கூறிய சிறுமி அன்று நூலகத்தில் தேடி வந்தது, பண்டைத் தமிழ்க் கல்வெட்டுகளின் எழுத்து அட்டவணையே என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. கூட்டற்குறி போன்ற ஓர் எழுத்தைச் சுட்டிக்காட்டி, “இது ‘க’!” என்று மெல்லக் கூறினாள். மதுரைக்கருகே மாங்குளத்துக் குன்றில் தமிழ்ச் சொற்களை எழுதப் பயன்பட்டதும், ஈங்குப் பிராகிருதத்தை எழுதப் பயன்பட்டதும் ஒரே எழுத்துக் குடும்பம் அன்றோ? எட்டு வயதுப் பையன் ஒருவன், “எங்கே அக்கா, இன்னொன்று காட்டு” என்றான். அவள் காட்டினாள். மற்ற பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டனர். அடுத்த அரைமணி நேரம், நான்கு பள்ளிகளில் வாய்மூடியிருந்த பெண் அங்கே ஆசிரியையாக நின்றாள். அவள் அன்னையார் சற்று விலகிச் சென்று, தொட்டியருகே முகத்தைத் துடைத்துக்கொண்டதை நாம் கண்டும் காணாதவர்போல் இருந்தோம்.

அன்று முதல் மாதம் ஒருமுறையேனும் இப்பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதென முடிவு செய்தோம். செல்லத்தக்க இடங்கட்கு இந்நகரில் குறைவில்லை.

வொர்லியில் 1985-இல் திறக்கப்பெற்ற நேரு அறிவியல் மையத்தில் பிள்ளைகள் பொறிகளைத் தம் கையாலேயே இயக்கிப் பார்க்கலாம். நெம்புகோலும் கப்பியும் புத்தகத்தில் வெறும் கோடுகள். அங்கே கையில் கனம் தெரிகிறது. அதன் அண்மையிலேயே 1977-இல் தொடங்கிய நேரு கோளரங்கம் உள்ளது. கோட்டைப் பகுதியிலுள்ள சத்ரபதி சிவாசி மகாராச அரும்பொருட் காட்சியகம் 1922-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2019 முதல் அங்கே சிறுவர்க்கெனத் தனிக் காட்சியகமும் உண்டு.

குளிர்காலத்தில் தாணே கழிக்குப் பூநாரைகள் ஆயிரமாயிரமாக வந்து இறங்குகின்றன. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற இக்கழியை, ஐரோலியிலுள்ள வனத்துறை மையத்திலிருந்து படகிற் சென்று காணலாம். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பொறுத்தே படகு புறப்படும். ஆகவே அந்நேரம் நாள்தோறும் மாறும். ‘ஏன் மாறுகிறது?’ என்று பிள்ளை கேட்டால், திங்களைப் பற்றிய பாடம் தானே தொடங்கிவிட்டது! பறவைகளைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர்க்கு 1883-இல் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்நகரிலேயே உள்ளது.

பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய அறிவியல் நாள். சர் சி. வி. இராமன் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவை 1928-இல் கண்டறிந்த நாள் அது. அவரும் நம்மைப்போல் வெளியூரில் வாழ்ந்த தமிழரே. திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, தந்தையார் ஆசிரியராயிருந்த விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலரானார். அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் பௌபசார்த் தெருவிலிருந்த அறிவியற் கழகத்தின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று பணிபுரிந்தார். ஊரில் ஒரு நல்ல இடம் திறந்திருந்தது. அதனை அவர் பயன்படுத்திக்கொண்டார். அந்நாளையொட்டி அறிவியல் நிறுவனங்கள் பல பொதுமக்களுக்குத் தம் கதவைத் திறந்துவைக்கின்றன. புனேயிலுள்ள வானியல் ஆய்வு மையம் அவற்றுள் ஒன்று. ஆண்டுதோறும் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுதல் நலம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆயின் காட்சிகளை மட்டும் கண்டு திரிவதும் கல்வியாகிவிடாது. செல்லுமுன் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு, திரும்பியபின் அதன் விடையைத் தமிழில் ஒரு பக்கமேனும் எழுதுமாறு பிள்ளைகளைப் பழக்குகிறோம். தமிழெழுத்துத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியூர்த் தமிழர்க்கென நடத்திவரும் பாடங்கள் துணையாகும்.

இவ்விடத்துச் சில சொற்களை வெளிப்படையாகக் கூறவேண்டும். வீட்டுக் கல்வி எல்லாக் குடும்பத்திற்கும் ஏற்றதன்று. நல்ல பள்ளியும், அதில் மகிழ்ந்து பயிலும் பிள்ளையும் வாய்த்தோர் அதனை விட்டு நீங்க வேண்டிய காரணம் யாதுமில்லை. வீட்டுக் கல்வியின் சுமை பெரும்பாலும் தாயார் ஒருவர் தலையிலேயே விழுவதையும் கண்டோம். தந்தையார் கணக்கையேனும் தம் பொறுப்பில் ஏற்பது முறை. வீட்டுக் கல்வி என்ற பெயரைச் சொல்லி, பெண்பிள்ளையை அடுப்படிக்கும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் நிறுத்திவைப்பாராயின், அது கல்வியும் அன்று, அறமும் அன்று. பிள்ளை மீண்டும் பள்ளி செல்ல விரும்பினால் அவ்வழியை அடைத்துவிடவும் கூடாது. ஆண்டுக்கொருமுறை அதன் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும்.

சங்கத்தின் கடமையும் ஒன்றுண்டு. நம் கூடம் ஞாயிறன்று விழாவிற்குத் திறக்கிறது. மற்றைய முற்பகல்களில் பூட்டிக் கிடக்கிறது. நாற்காலிகளும் நூல்களும் தூசு படிந்திருக்க, அடுத்த தெருவில் ஒரு குழந்தை பேச்சுத் துணையின்றி அமர்ந்திருப்பது நமக்கு அழகாகுமா? இதனைச் செயற்குழுவில் எடுத்துரைத்தோம். புதன்கிழமைதோறும் காலை 10 மணி முதல் 1 மணி வரை நூலகத்தையும் சிறு கூடத்தையும் இப்பிள்ளைகளுக்குத் திறந்துவைக்கக் குழுவினர் இசைந்தனர். ஓய்வுபெற்ற பொறியாளரும் செவிலியரும் வங்கி அலுவலரும் நம்மிடையே பலர் உளர். மாதத்தில் ஒரு முற்பகலை ஒவ்வொருவரும் அளித்தாற் போதும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுவே.

முதற் புதன்கிழமைப் பாடத்தை நடத்தியவர் யார் தெரியுமா? அந்தப் பாட்டியாரே. சுண்ணப்பொடியால் தரையிற் புள்ளி வைத்து, கை எடுக்காமல் ஒரே கோட்டில் சிக்குக்கோலம் இட்டுக் காட்டினார். இத்தகைய கோலங்களைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970-களில் கணித முறையில் ஆராய்ந்தார் என்று நாம் கூறவும், “நான் போடுவதெல்லாம் கணக்கா?” என்று வியந்தார். ஐந்து புள்ளிக்கு ஒரே கோடு போதுமா, ஏழு புள்ளிக்கு எத்தனை என்று பிள்ளைகள் வாதிடத் தொடங்கினர். மணி ஒன்றாயிற்று, எவரும் எழவில்லை.

வீட்டுக்குப் புறப்படும்போது அச்சிறுமி நம்மிடம் வந்து, “மாமா, அடுத்த புதன்கிழமை ஒன்பதரைக்கே வரலாமா?” என்று கேட்டாள். திறவுகோலை நாமே எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்கு வருவதாக வாக்களித்தோம். இவ்வாறு தனித்துப் பயிலும் பிள்ளை நேயர்களின் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருப்பின் அழைத்து வாருங்கள். தமிழ்ப் பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை.