பன்னிரண்டு சீசர்களும் ஒரு டோப்பாவும்

ரோமானியக் காசு சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்குப் பிடித்தமான இலக்கு ஒன்று உண்டு: பன்னிரண்டு சீசர்கள். ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரை, சுவிட்டோனியஸ் வரலாறு எழுதிவைத்த பன்னிருவரின் முகமும் ஆளுக்கொரு காசாகக் கைக்கு வரவேண்டும். பலர் ஓதோவிடம் வந்து முட்டிக்கொள்வார்கள். கி.பி. 69இல் மூன்றே மாதம் ஆண்டவர் அவர். ரோம் நகரத்து அக்கசாலை அவர் முகத்தைத் தங்கத்திலும் வெள்ளியிலும் அடித்தது, செம்பில் அடிக்கவில்லை. விலை எகிறாமல் என்ன செய்யும்? அவர் டோப்பா வைத்திருந்தார் என்கிறார் சுவிட்டோனியஸ். காசில் வரிசை கலையாமல் நிற்கும் அந்த முடியைப் பார்த்தால் நமக்கும் சந்தேகம் வரும்.

உயிரோடிருப்பவரின் முகம் ரோம் நகரத்துக் காசில் முதன்முதலாக ஏறியது கி.மு. 44இல், ஜூலியஸ் சீசருக்கு. அதே ஆண்டு மார்ச்சில் அவரைக் குத்திக் கொன்றார்கள். குத்தியவர்களில் ஒருவரான புரூட்டஸ், இரண்டு ஆண்டு கழித்துத் தன் முகத்தையே காசில் போட்டுக்கொண்டார். பூப்பக்கத்தில் இரண்டு குத்துவாள். அரசனை மக்கள் அறிந்தது பெரும்பாலும் காசின் வழியாகத்தான். எழுபத்தைந்து வயதுவரை வாழ்ந்த அகஸ்டஸ் காசில் கிழவராகவே இல்லை. நீரோவோ சிறுவனாகத் தொடங்கி, வருடத்துக்கு வருடம் கழுத்து பருத்துக்கொண்டே போவார். வெஸ்பாசியன் வழுக்கையையும் சுருக்கத்தையும் மறைக்கவில்லை. எனக்குப் பிடித்த முகம் அவருடையதுதான்.

முகத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகள் முதலில் மிரட்டும். ‘யு’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும், சொற்களெல்லாம் சுருக்கம். அதில் ‘டிஆர்பி’ என்று கண்டால் டிவி ரேட்டிங் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஓர் அதிகாரத்தின் பெயர் அது. பக்கத்தில் எண் இருந்தால் காசின் வயது கிடைத்துவிடும். மார்கஸ் அரேலியஸ் காசில் அந்த எண் 20 என்றால், அது கி.பி. 166ஐ ஒட்டியது. தலையில் இலைமாலைக்குப் பதில் கதிர்முடி இருந்தால், பெரும்பாலும் இரட்டை மதிப்புள்ள காசு.

முதல் காசாகத் தங்கமோ வெள்ளியோ வேண்டாம். கான்ஸ்டன்டைன் காலத்துச் சிறு செம்புக்காசு போதும். ஏராளமாக அடித்ததால் மலிவு. வாங்கியதும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். களிம்பு போனால் மதிப்பும் போயிற்று. அசல் காசைச் சுத்தியலால் அடித்தார்கள். விளிம்பில் சிறு வெடிப்பும், நடுவிலிருந்து விலகிய முகமும் இயல்பு. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், பரப்பில் குமிழிக் குழிகளும் இருந்தால் அச்சில் வார்த்த போலி என்று சந்தேகிக்கலாம். அகஸ்டஸின் வெள்ளி டினாரியஸ் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எடை மிகவும் இறங்கினால் கேள்வி கேளுங்கள்.

அசல் என்பது மட்டும் போதாது, எப்படி வந்தது என்பதும் தெரியவேண்டும். புரூட்டஸின் அந்தக் காசில் தங்கத்தில் அடித்த ஒன்று 2020இல் லண்டனில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. கைமாறி வந்த வரலாறு பொய் என்று தெரியவர, 2023இல் கிரேக்க நாட்டிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

நம் பக்கத்து மண்ணிலும், கோவை, கரூர் வட்டாரத்தில் அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக்காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. மீண்டும் நாணயமாகப் புழங்கக் கூடாதென்று வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம்.

நூறாண்டு கடந்த காசை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை. மண்ணுக்குள் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். கிணறு வெட்டும்போது நீரோ எட்டிப்பார்த்தால், காசுக்கடைக்குப் போகாமல் முதலில் கலெக்டரிடம் போங்கள்.