800க்குப் பிறகு முரளி என்ன செய்தார்?

மஸ்கெலியாவில் சமதரை கிடைப்பது லேசில்லை. பழைய பட்டணம் இருந்த பள்ளத்தாக்கை 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருப்பது பெரும்பாலும் தேயிலைச் சரிவு. அப்படியொரு சரிவை வெட்டிப் போட்ட பாடசாலை மைதானத்தில் பெண் பிள்ளைகள் வலைப்பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கக் கம்பம் சற்றே சாய்ந்திருந்தது. வளையத்தில் வலை இல்லை. குறி தப்பிய பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு போனால், கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் யாராவது ஒரு அம்மா அதை மேலே எறிந்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்.

அணியிலேயே உயரமான பிள்ளை பக்கத்தில் வந்து கேட்டாள்: "சேர், இத ஆடி வெளிநாட்டுக்குப் போக ஏலுமா? போனா, வயசான பிறகு என்ன செய்றது?"

முதல் கேள்வியை எல்லாரும் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு. அதற்கு விடை சொல்ல நமக்கு நம் மலையகத்திலேயே ஒருவர் இருக்கிறார்.

முத்தையா முரளிதரனின் தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பேரன் கண்டியில் பிறந்து, புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் எடுத்தது லயத்துச் சிறுவருக்கும் மனப்பாடம். 2010 ஜூலையில் காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி அந்த எண்ணிக்கையை நிறைவு செய்தார். அடுத்த ஏப்ரலில் மும்பையில் உலகக் கிண்ண இறுதிப் போட்டியோடு நாட்டுக்காக ஆடுவதையும் நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. இந்தக் கட்டுரைக்கு அந்தப் பகுதிதான் முக்கியம்.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் பையும் கையுமாக ஊர் ஊராகப் போனார். ஐ.பி.எல்.லில் சென்னை அணியில் இருந்தவர் 2011இல் கொச்சிக்கும் 2012இல் பெங்களூருக்கும் மாறினார். இடையில் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர், நியூசிலாந்தின் வெலிங்டன், பங்களாதேஷின் சிட்டகொங், அவுஸ்திரேலியாவின் மெல்பர்ன் ரெனகேட்ஸ், 2013இல் ஜமெய்க்கா. ஒவ்வோர் இடத்திலும் சில வாரங்கள், ஒரு புதுச் சட்டை, முன்பின் தெரியாத பத்துப் பேர்.

ஏன் இத்தனை மாற்றம்? ஏலக் கணக்கைப் பார்த்தால் புரியும். 2008இல் சென்னை அவருக்குக் கொடுத்த விலை 6 இலட்சம் டொலர். 2011இல் கொச்சி கொடுத்தது 11 இலட்சம். அந்த அணியையே அதே ஆண்டில் இந்தியக் கிரிக்கெட் சபை நீக்கிவிட்டது. வங்கி உத்தரவாதம் கட்டாத உரிமையாளர்களின் தவறுக்கு ஆட்டக்காரர்கள் எல்லாரும் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. 2012இல் பெங்களூர் அவரை வாங்கியது 2 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு. ஓராண்டில் ஐந்தில் ஒரு பங்கு! பதினொருவரில் நான்கு வெளிநாட்டவருக்குத்தான் இடம் என்ற விதியும் சேர்ந்துகொள்கிறது. நாற்பது வயதுச் சுழற்பந்து வீச்சாளருக்கு அந்த நாலில் ஒன்று ஒவ்வொரு நாளும் உறுதியில்லை. உலகத்திலேயே அதிக விக்கெட் எடுத்தவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கூடைப்பந்தாட்டத்தில் இது இன்னும் கடுமை. ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம், முடிந்ததும் அடுத்த ஊர். கேரளத்தில் பிறந்து சென்னையில் தென்னக ரயில்வேக்காக ஆடிய கீது அன்னா ஜோஸ் 2006இலிருந்து மெல்பர்னுக்கு அருகே ரிங்வுட் கழகத்தில் ஆடினார். 2011இல் அமெரிக்க மகளிர் லீக்கின் மூன்று அணிகள் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது ரயில்வே வேலை இருந்தது.

நம் நாட்டில் தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தின் ஈவினைக் கிராமத்துப் பெண். உயரம் 208 சென்ரிமீற்றர். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் கோல் போட்டவர். மெல்பர்னில் சிற்றி வெஸ்ட் ஃபல்கன்ஸ் கழகத்துக்கும் ஆடினார். வலைப்பந்தே கூடைப்பந்திலிருந்து பிரிந்து வந்த ஆட்டம்தான். மலையகப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகள் ஆடுவது அதைத்தான் என்பதால், இந்தப் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, வெளிநாட்டு ஒப்பந்தங்கள் முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சும்? பணம் சிலருக்கு மிஞ்சும், பலருக்கு மிஞ்சாது. ஆனால் ஊர் ஊராகப் போனவருக்கு ஒரு படிப்புக் கிடைக்கிறது. 1999இல் முரளி லங்காஷயர் கவுன்டிக்காக 66 விக்கெட்டுகள் எடுத்தபோது, ஈரமான இங்கிலாந்து ஆடுகளத்தில் பந்து எப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வெலிங்டனில் காற்று, சிட்டகொங்கில் பனி. இந்த அறிவுக்கு விலை உண்டு. பயிற்றுவிப்பு என்ற தொழில் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

முரளியின் பந்துவீச்சை இன்னொருவர் பார்த்துச் செய்ய முடியாது. பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை, எந்தப் பக்கமும் சுழலும் மணிக்கட்டு. அதனால் அவர் கற்பிக்கக்கூடியது வேறு விஷயங்கள்: களத்தடுப்பை எங்கே வைப்பது, சிக்ஸர் வாங்கிய அடுத்த பந்தை எங்கே போடுவது, ஒரே இடத்தில் ஐம்பது பந்து போடும் பொறுமை எப்படி வரும். 2014இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் இளம் சுழற்பந்து வீச்சாளர்களை அவரிடம் ஒப்படைத்தது. 2015இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரைப் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளராக்கியது. அடுத்த ஆண்டு 2016 மே 29 அன்று அந்த அணி 8 ஓட்டங்களால் கிண்ணம் வென்றது. அந்தத் தொடரில் அதிக விக்கெட் எடுத்த புவனேஷ்வர் குமாரும் அந்த அணிக்காரர்தான்.

அவுஸ்திரேலியாவும் அவரை அழைத்தது. 1995 டிசம்பர் 26, மெல்பர்ன் மைதானத்தில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயார் திரும்பத் திரும்ப 'நோ போல்' சொன்ன நாளை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அதே நாட்டின் சுழற்பந்து வீச்சாளர்களுக்கு 2014இலும் 2016இலும் அவர் பாடம் சொன்னார். 2016இல் அவர்கள் இங்கே ஆட வந்தபோது, சொந்த நாட்டுக்கு எதிராக வேலை செய்கிறார் என்று கொழும்பில் குற்றம் சாட்டினார்கள். தொடரை இலங்கை 3-0 என வென்றது வேறு கதை. அந்தக் குற்றச்சாட்டு நியாயமில்லை என்பது என் கருத்து. பயிற்றுவிப்பது அவருடைய தொழில். கேட்டவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

முரளிக்குப் பெயரே சான்றிதழ். நம் பிள்ளைக்கு அப்படியில்லை, தாள் வேண்டும். இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் நிலை நிலையாகப் பயிற்றுவிப்பாளர் பாடநெறிகளை நடத்துகிறது. கூடைப்பந்துக்கு உலகச் சம்மேளனமான ஃபீபாவின் நிலைகள் இருக்கின்றன. கொழும்பில் விளையாட்டு அமைச்சின் கீழ் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனம் இருக்கிறது. பதினெட்டு வயதில் பாடசாலை அணியை விட்டு வரும் பிள்ளை முதல் நிலையை எடுத்துவிட்டால், ஆடும் காலத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். இந்தப் பாடநெறிகளை ஹட்டனிலும் தமிழிலும் தொடர்ந்து நடத்த வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். மைதானத்துக்கு அடிக்கல் நாட்டுவதோடு வேலை முடிந்துவிடாது.

இன்னொன்று. முரளி பதினான்கு வயதுவரை மிதவேகப் பந்து வீசியவர். பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ சொன்னதைக் கேட்டுத்தான் சுழற்பந்துக்கு மாறினார். 800 விக்கெட்டுக்கும் முன்னால் அந்த ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்ல ஒருவர் பாடசாலை மைதானத்தில் நின்றிருந்தார்.

அந்தப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு ஆட ஓடிப்போனாள்.

பாடசாலைக்கும் மாகாணத்துக்கும் ஆடிய எத்தனையோ மஸ்கெலியாக்காரர்கள் இன்று கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு நீங்கள் எல்லாரும் ஊருக்கு வருவீர்கள். இந்த முறை வரும்போது ஒரு நாள் முன்னதாக வாருங்கள். பழைய பாடசாலை மைதானத்துக்குப் போய் அந்தப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் நில்லுங்கள். வளையத்துக்கு ஒரு வலையும் வாங்கி வாருங்கள்.